ஆவணி இரண்டாம் நாள் லோடு

காலை எட்டே முக்காலுக்கு என் கைப்பேசி அடிக்கும். அந்த நேரத்தில் வேறு யாரும் என்னை அழைத்ததில்லை. எடுத்துக் காதில் வைத்தால் வணக்கமும் கிடையாது, பெயரும் கிடையாது. "இன்னாம்மா, டிபன் துன்னியா?" என்று ஒரு கேள்வி. நான் "ஆச்சுண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் "லிஃப்ட்டு ஓடுதா?" என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும். சாப்பாட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடம் வைக்கமாட்டார். பல நாள் நான் சாப்பிடாமலேதான் ஆச்சு என்று சொல்லியிருக்கிறேன். இருந்தாலும், திருப்பதியில் நான் தனியாகக் குடியிருந்த அந்த வருடங்களில் என் வயிற்றைப் பற்றி விசாரித்த ஒரே மனிதர் அவர்தான். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அவரை நான் குடோன் அண்ணன் என்றுதான் அழைத்தேன். ஸ்ரீ சிட்டிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரியின் பெரிய குடோன். ஏ.சி., கீசர், சமையலறைப் புகைபோக்கி, மேடையில் பதிக்கிற அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் அங்கிருந்துதான் எங்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கு வரும். எந்த லோடு எந்த ஊருக்கு எந்த நாள் கிளம்ப வேண்டும் என்று தீர்மானிக்கிற மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தார். நான் திருப்பதியில் அடுக்குமாடி கட்டுகிற ஒரு காண்ட்ராக்டரின் அலுவலகத்தில் இருந்தேன். சாமான் ஆர்டர் போடுவதும், அது வந்து இறங்கும்வரை பின்னால் ஓடுவதும் என் வேலை. எனக்குச் சொந்த ஊர் நகரி. வீட்டில் விசைத்தறி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவளுக்குத் திருப்பதியில் பிடித்த ஒற்றை அறையின் அமைதி பழகவே இல்லை. மின்விசிறியைக் குளிர்காலத்திலும் ஓடவிட்டுத்தான் தூங்குவேன்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தச் சாமான்கள் கடைசியில் வருகிறவை. கடைசியில் வருவதாலேயே அவற்றால் வருகிற தலைவலிதான் பெரியது. மாப்பிள்ளை அழைப்பு மாதிரி, சீக்கிரம் வந்தாலும் சங்கடம், தாமதமாக வந்தாலும் சங்கடம். சீக்கிரம் வந்தால் வைக்க இடம் இருக்காது. சிமெண்ட் தூசி உள்ளே போகும், பெயிண்ட் அடிக்கிறவர்கள் அட்டைப்பெட்டி மேல் ஏறி நிற்பார்கள், பில் போட்ட நாளிலிருந்து வாரண்டி வேறு ஓட ஆரம்பித்துவிடும். தாமதமாக வந்தால் வீட்டுக்காரர் பால் காய்ச்ச வந்து நிற்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. கிரானைட் மேடையில் அடுப்புக்கு ஓட்டை வெட்டியாகிவிட்டது, சுவரில் ஏ.சி. குழாய்க்குத் துளை போட்டாகிவிட்டது, கரண்ட் பாயிண்ட் வந்துவிட்டது, ஆனால் கதவுக்கு பாலிஷ் இன்னும் போடவில்லை என்கிற அந்த நாலைந்து நாள். அதற்குள் லாரி வந்துவிட வேண்டும். அந்த நாட்களைச் சரியாகப் பிடிப்பதில் குடோன் அண்ணனுக்கு நிகராக இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

அவர் முறையே தனி. ஆர்டர் கொடுத்த அன்று ஒன்றும் கேட்கமாட்டார். லோடு ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்னால் கூப்பிட்டு மூன்றே கேள்வி கேட்பார். லிஃப்ட் ஓடுகிறதா, கட்டடத்து வாசலில் லாரி நிற்க இடம் இருக்கிறதா, பெட்டியை இறக்கிக் கையெழுத்துப் போடப்போவது யார். மூன்றில் ஒன்றுக்கு நான் இழுத்தாலும் போதும், லோடு நின்றுவிடும். "நீ ரெடின்னு சொல்ற, உன் கொரலு இன்னும் ரெடியா இல்லியே" என்பார். ஒவ்வொரு பெட்டியிலும் எந்த மாடி, எந்த வீடு என்று கறுப்பு மார்க்கரில் எழுதி அனுப்புவார். மேல்மாடிப் பெட்டிகள் முதலில் இறங்குகிற மாதிரி ஏற்றச் சொல்வார். லிஃப்ட் காலியாக இருக்கும்போதே அவை மேலே போய்விடவேண்டுமாம். மலைமேல் பிரம்மோற்சவம் என்றால் மலையடிவாரத்தில் அலிபிரிப் பக்கம் எத்தனை மணிக்கு லாரியை மறிப்பார்கள் என்பதுகூட எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். இத்தனைக்கும் அவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு நோட்டு உண்டு. மிச்சமெல்லாம் தலைக்குள்தான். நாற்பது சைட்டின் ஃப்ளாட் எண்களை மனப்பாடமாகச் சொல்லுவார். எனக்கே மறந்துபோன கீசரின் லிட்டர் கணக்கை அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். "எழுதறது உங்களுக்கு. எனக்கு இன்னாத்துக்கு?" என்று சிரிப்பார். அந்த ஞாபக சக்தியில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, நியாயமான கர்வம்தான்.

நாலு வருடம் தினமும் பேசியிருக்கிறோம். கூட்டிப் பார்த்தால் என் அம்மாவோடு பேசியதைவிட அவரோடு பேசியது அதிகம். அப்படியும் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்டதில்லை. எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று அவரும் கேட்டதில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு வராது. அன்று எட்டே முக்கால் ஆகும்போது நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு கீசர் லோடுக்காகப் பேசுகிறவரின் குரலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏங்குகிற அளவுக்கா ஆளில்லாமல் இருந்தாய் என்று நீங்கள் கேட்டால், ஆமாம், அப்படித்தான் இருந்தேன்.

அந்த வருடம் அலிபிரிக்குப் போகிற பாதையில் ஒரு கட்டடம் முடிகிற நிலையில் இருந்தது. இருபத்து நாலு வீடு. வாங்கியவர்கள் அத்தனை பேரும் தெலுங்குக்காரர்கள். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் எங்கள் காண்ட்ராக்டர் சைட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே என்னிடம், "ஆஷாடம் அயிபோனி, தர்வாத தெப்பித்தாம்" என்றார். ஆஷாடம் முடியட்டும், அதற்கப்புறம் சாமான்களை வரவழைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஆஷாட மாதத்தில் அவர்கள் புதுவீடு புகமாட்டார்கள். நம் வீடுகளில் ஆடிக்கு இருக்கிற அதே கட்டுப்பாடு.

இங்கேதான் நான் சறுக்கினேன். தெலுங்குக்காரர்களுக்கு மாதம் அமாவாசையோடு முடியும். நமக்கு ஆடி அமாவாசை என்பது அவர்களுக்கு ஆஷாடத்தின் கடைசி நாள். மறுநாளே ஸ்ராவணம் பிறந்து, நல்ல காரியங்கள் தொடங்கிவிடும். நமக்கோ ஆடி இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடக்கும். நகரியில் பிறந்து தெலுங்குப் பள்ளியில் படித்தவளுக்கு இது தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் மாதம் என்று நினைத்ததும் மனசு தன் வீட்டு நாட்காட்டியைத்தான் புரட்டுகிறது. அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு நான்கு நாள் ஊருக்குப் போகவேண்டும் என்ற நினைப்பில் இருந்தேன். ஆடி முழுக்க லோடு இல்லை என்றால் எனக்கும் வசதி. கணக்கு அப்படியே மனசில் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் கூப்பிட்டபோது, "அலிபிரி சைட்டுக்கு ஆடி கழிச்சு அனுப்புங்கண்ணா" என்றேன்.

"ஆடி கழிச்சா? அப்ப ஆவணி ரெண்டாம் நாளு லோடு போட்டுடறேன்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஏம்மா, அங்க எல்லாம் தெலுங்கு ஆளுங்களாச்சே. அவங்களுக்கு மாசம் முன்னாடியே முடிஞ்சிடுமே. எதுக்கும் ஒரு வாட்டி கேட்டுக்கினு சொல்லேன்" என்றார்.

"அதெல்லாம் கேட்டாச்சுண்ணா" என்றேன் நான். கேட்கவில்லை. கேட்டாச்சு என்று சொல்வது, டிபன் ஆச்சு என்று சொல்வதைப் போல எனக்குப் பழகிப்போயிருந்தது.

"நீ கேட்டாச்சின்னா சரி" என்று அவர் எழுதிக்கொண்டார். நோட்டில் பேனா ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

கிருத்திகைக்கு நகரிக்குப் போனேன். தறிகள் நின்றிருந்தன, வீடு நிறைய ஆட்கள், திருத்தணிக்குக் காவடி கிளம்புகிற அமளி. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எட்டு வீட்டுக்காரர்கள் கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்த பட்டியல். தெலுங்கில் பெயர், ஃப்ளாட் எண், நட்சத்திரம், தேதி. பெயர்களை மட்டும் மேலாகப் பார்த்துவிட்டு, கட்டைவிரல் பொம்மையைத் தட்டி அனுப்பிவிட்டு, பந்தியில் பொரியல் பரிமாறப் போய்விட்டேன். வீட்டில் எல்லோரும் இருந்த அந்த நாலு நாட்களில் வேலையை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் இரண்டாம் மாடி வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்தார்கள். வாசலில் மாவிலை, ஐயர், உறவினர்கள் முப்பது பேர். ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து அலுவலகத்திலேயே இருந்துவிட்டு, நான் அன்றுதான் சைட்டுக்கு வந்திருந்தேன். மாடிப்படியில் மாவிலையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னாலேயே மேலே ஏறினேன். அந்த அம்மாள் புதுப் பாத்திரத்தில் பாலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்கள். மேடையில் அடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் நீளச் சதுரமாக ஒரு ஓட்டை இருந்தது. கீழே மரப்பலகையும் தூசியும் தெரிந்தன. புகைபோக்கி இல்லை, கீசர் இல்லை, சுவரில் ஏ.சி.க்கு வெட்டிய துளை வழியாக வெளியே வானம் தெரிந்தது. அந்த அம்மாள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டையையே பார்த்தபடி நின்றார்கள். யாரோ ஓடிப்போய் வாட்ச்மேன் குடும்பத்தின் ஒற்றை அடுப்பை வாங்கிவந்து தரையில் வைத்தார்கள். முப்பது வருடம் வாடகை வீட்டில் இருந்தவர்கள், சொந்த வீட்டின் முதல் பாலை வாட்ச்மேன் அடுப்பில் பொங்கவிட்டார்கள்.

காண்ட்ராக்டர் வந்தார். முப்பது பேர் முன்னிலையில், "ஏ தேதி செப்பாவம்மா நுவ்வு?" என்று என்னைக் கேட்டார். என்ன தேதி சொன்னாய் நீ என்கிற அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு விநாடிதான் இருந்தது. வேலை போய்விடும் என்பது உண்மை. போனால் நகரிக்குத் திரும்பி, தம்பி குடும்பத்தோடு, அவர்கள் தயவில் இருக்கவேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அதையெல்லாம் நினைத்துப் பார்த்துப் பொய் சொன்னேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நினைப்பதற்கு முன்னாலேயே வாய் பேசிவிட்டது. "நான் ஸ்ராவணம் பிறந்ததும் என்றுதான் சொன்னேன் சார். குடோனில்தான் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்" என்று தெலுங்கில் சொன்னேன்.

அவர் அங்கேயே என் கைப்பேசியை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, குடோனை அழைத்தார். எடுத்ததும் "இன்னாம்மா, இந்நேரத்துல" என்று அந்தக் குரல் சிரித்தது. காண்ட்ராக்டர் தெலுங்கில் பொரிந்து தள்ளினார். இந்தப் பெண் ஸ்ராவணம் என்று சொன்னாளாமே, நீ எப்படி ஆவணி போட்டாய் என்று கத்தினார். எதிர்முனையில் நோட்டைப் புரட்டுகிற சத்தம் வந்தது. அதில் ஆடி கழித்து என்று எழுதியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இப்போது படிப்பார், இப்போது சொல்வார், நான் தொலைந்தேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றது. பிறகு தணிந்த குரலில் தெலுங்கில், "தப்பு நாதே சார்" என்றார். தப்பு என்னுடையதுதான். அப்புறம் அவர் தமிழுக்கு மாறியது எனக்காகத்தான் என்று நினைக்கிறேன். "பொண்ணு சரியாத்தான் சொல்லிக்கும். நான்தான் மாத்தி எழுதிக்கினேன் போலக்குது. இன்னிக்கே வண்டி அனுப்பறேம்மா."

அன்று மாலை நாலு மணிக்கு, நாகலாபுரம், புத்தூர் வழியாக லாரி வந்து நின்றது. எட்டு வீட்டுச் சாமான்களும் மாடி வாரியாக, எண் எழுதி, ஒன்றும் குறையாமல் இருந்தன. எந்த ஊர் லோடை நிறுத்தி இதை அனுப்பினார் என்று தெரியவில்லை. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு நான் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு இளம் குரல் பத்து மணிக்குக் கூப்பிட்டு, "மேடம், இனிமே திருப்பதி லைன் நான்தான் பார்க்கிறேன்" என்றது. அவர் எங்கே என்று கேட்டேன். "மாறிட்டாரு மேடம்" என்றான். என்னால்தான் தூக்கிவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்கு மேல் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். பதில் கிடைத்துவிடும் என்ற பயத்திலேயே கேட்கவில்லை. குற்றவாளிக்கும் கோழைக்கும் ஒரே உடம்பு போதும் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

வேலை எனக்கு நிலைத்தது. இன்று அதே அலுவலகத்தில் கொள்முதல் முழுவதும் என் பொறுப்பு. சித்தூரிலும் ஒரு கட்டடம் நடக்கிறது. ஆர்டர் எதையும் வாயால் சொல்வதில்லை, எழுதித்தான் அனுப்புவேன். சுவரில் பெரிய அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கிறேன். தமிழ் மாதம் ஒரு வரிசை, தெலுங்கு மாதம் ஒரு வரிசை, இங்கிலீஷ் தேதி ஒரு வரிசை. ஒவ்வொரு வீட்டுக்கும் பால் காய்ச்சும் நாள், அதிலிருந்து பத்து நாள் முன்னால் அடுப்பு, ஏழு நாள் முன்னால் ஏ.சி. என்று குறித்திருக்கும். லோடு கிளம்ப மூன்று நாள் முன்னால் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லி எங்கள் ஆட்களுக்குப் பழக்கியிருக்கிறேன். புதிதாக வருகிற என்ஜினியர்கள் அட்டவணையைப் படம் பிடித்துக்கொண்டு, நல்ல ஏற்பாடு மேடம் என்கிறார்கள். எங்கிருந்து கற்றேன் என்று யாரும் கேட்டதில்லை. காலையில் யாரும் அழைப்பதும் இல்லை. எல்லாம் குழுச் செய்திதான். லோடு கிளம்பியது, லோடு வந்தது, கட்டைவிரல். ஒரு நாள் முழுக்க யாருடைய குரலையும் கேட்காமல் நாற்பது ஏ.சி.யை இறக்கி மாட்டிவிட முடிகிறது. சாயங்காலம் அறைக்குப் போய்க் கதவைத் திறக்கும்போது, காலையிலிருந்து நான் வாய் திறந்தேனா என்றே சில நாள் சந்தேகம் வரும்.

போன மாதம் சித்தூர் கட்டடத்துக்கு வந்த புகைபோக்கிகளில் பாதிக்குக் கண்ணாடி விரிசல். மாற்றுச் சரக்கை ஏற்றுவதற்கு முன்னால் நேரில் பார்த்துவிடலாம் என்று, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தக் குடோனுக்கே போனேன். மதியம் மூன்று மணி வாக்கில் சரக்கு ஏற்றும் மேடைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பெட்டிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒல்லி, நரைத்த மீசை, காக்கிச் சட்டை. பத்துப் பத்தாக எண்ணி நிறுத்தி, பின்னால் நின்ற ஆளிடம், "பாரு, சரியாக்கீதா?" என்று கேட்டார். அந்த ஆள் சலிப்போடு மறுபடி முதலிலிருந்து எண்ணினான். எனக்கு அந்த முகம் புதிது. குரல் புதிதில்லை.

அருகில் போய், "அண்ணா, நான் திருப்பதி. அலிபிரி சைட்டு" என்றேன். அதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை.

"அட, நீயாம்மா!" என்று முகம் முழுக்க மலர்ந்தார். "கொரலு அப்டியே கீது. நான் இன்னும் குள்ளமா இருப்பேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று சிரித்தார். இரண்டு பெட்டிகளை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததும் அவர் குரல் இறங்கியது. "உன்ன அன்னிக்கி அத்தினி பேரு முன்னாடி தலகுனிய வெச்சிட்டேன். கூப்ட்டு சொல்லணும்னு தோணும். மொகம் இல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனார்.

"நோட்டுல பார்த்தேன். ஆடி கழிச்சுன்னு என் கையெழுத்துதான் இருந்துச்சு. நீ ஸ்ராவணம்னு சொல்லிக்கற. நீ பொய் சொல்றவ இல்ல. நாலு வருசம் பேசிக்கினு இருந்தவனுக்குத் தெரியாதா? அப்ப நீ சொன்னது ஒண்ணு, நான் எழுதுனது ஒண்ணு. அத்தோட நிக்கல. நானே உன்ன கேட்டுக்கினு சொல்லுன்னு சொன்னா மாதிரி, நீ கேட்டாச்சின்னு சொன்னா மாதிரி, நடக்காததெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் வருது. பயந்துட்டேம்மா. எங்க நைனாவுக்கும் கடைசில இப்டித்தான் ஆச்சு. இல்லாதத இருக்குதுன்னுவாரு. சரி, நமக்கும் வந்துட்ச்சுன்னு அன்னிக்கே தெரிஞ்சிக்கினேன். எவன் வூட்டு லோடயாவது கெடுக்கறதுக்கு முன்னாடி, நானே மொதலாளிகிட்ட சொல்லி மேஜைய வுட்டு எறங்கிட்டேன். இங்க பொட்டி எண்ற வேல. கூட ஒரு ஆளு எண்ணுவான், பயமில்ல." பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, "உன் லோடுல தெரிஞ்சது நல்லதாப் போச்சு. தப்பு ரெண்டே வாரத்தோட போச்சு" என்றார்.

அவரைத் தூக்கிவிட்டார்கள் என்ற குற்ற உணர்வோடு ஐந்து வருடம் இருந்திருக்கிறேன். அது எவ்வளவு சின்னக் குற்றம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு என்மேல் இருந்த நம்பிக்கை அவருடைய சொந்தத் தலைமேல் இருந்த நம்பிக்கையைவிடப் பெரியதாக இருந்திருக்கிறது. நான் அவரிடமிருந்து எடுத்தது வேலையை அல்ல. சொல்லாமல் எழுந்து வந்துவிட முடியும் என்று ஒரு விநாடி தோன்றியதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

"அண்ணா, நீங்க எழுதினதுதான் சரி" என்றேன். "ஆடி கழிச்சுன்னுதான் நான் சொன்னேன். கேட்டுக்கினு சொல்லுன்னு நீங்க சொன்னீங்க. கேட்காமலே கேட்டாச்சுன்னு சொன்னேன். எல்லாம் நடந்ததுதான். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான்தான் பொய் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாடத்தில் புரியாத வரியை மறுபடி படிக்கிற பிள்ளையைப் போலப் பார்த்தார். "நான் கேட்டுக்கினு சொல்லுன்னு சொன்னேன்?" என்றார். ஆமாம் என்றேன். "நீ கேட்டாச்சின்ன?" ஆமாம் என்றேன். "ஆவணி ரெண்டாம் நாளுன்னு நான் சொன்னேன்?" ஆமாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தலை மெல்ல ஆடியது. சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து யாரையோ அழைத்தார். "ஏம்மா, இங்க ஒருத்தங்க கீறாங்க. இவங்க சொல்றத கேளு" என்று என் கையில் கொடுத்தார். "எம் பொண்ணு. அதுகிட்ட சொல்லு. இப்ப என்கிட்ட சொன்னியே, அப்டியே சொல்லு."

முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னேன். ஆடி, ஸ்ராவணம், பொய் எல்லாவற்றையும். அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு, "அஞ்சு வருசமா எங்க நைனா கைல வூட்டு சாவி குடுக்கறதில்லீங்க" என்றாள். "பேங்குக்கு தனியா அனுப்பறதில்ல. எம் பொண்ணு ஸ்கூலு ரெண்டு தெரு தள்ளிதான் கீது. அவள நான் இட்டுக்கினு வரேன்னு தெனமும் கேப்பாரு. கொழந்தய எங்கனா வுட்டுட்டு வந்துடுவாருன்னு நாங்க ஒரு நாளு கூட அனுப்புனதில்லீங்க." அவள் அழுகிறாளா, பல்லைக் கடிக்கிறாளா என்று தெரியவில்லை. ஃபோனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதைக் காதில் வைத்து, மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னிக்கி பாப்பாவ நான் இட்டாரேன்" என்றார். கேட்கிற குரலாக இல்லை அது. முன்பு லோடு தேதி சொல்வாரே, அந்தக் குரல். ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, சூப்பர்வைசரிடம் போய் ஏதோ சொல்லிவிட்டு, காக்கிச் சட்டையின் தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். என்னைத் திட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எண்ணி முடிக்காத பெட்டிகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.